ஏற்றத்தில் திரும்ப மறுத்து, இறக்கத்தில் சுழன்றுவிடும் பின்சக்கர இழுவை ரிமோட் பகி: பிடிப்பையும் ஸ்டீயரிங்கையும் எப்படிச் சரிசெய்வது?

செம்மண்தடம், கோத்தகிரி:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, முன்பு உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிறகு தரிசாக விட்ட இரண்டு தட்டு நிலம் இருக்கிறது. டிசம்பர் மழை ஓய்ந்த பிறகு நானும் என் அக்கா மகனும் அந்த இரண்டு தட்டுகளையும் இணைத்து, ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள ஒரு மண் தடத்தை ரிமோட் கார்களுக்காக அமைத்தோம். கீழ்த் தட்டிலிருந்து மேல் தட்டுக்கு ஏறும் சரிவின் முடிவில் இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவும், மேலிருந்து இறங்கும் சரிவின் அடியில் வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவும் வருகின்றன. என் சிக்கல் முழுவதும் அந்த இரண்டு வளைவுகளில்தான் இருக்கிறது.

வண்டி 1:10 அளவுள்ள பகி, அதாவது மண்தடத்தில் ஓட்டும் வகை ரிமோட் கார். மோட்டார் பின்புறம் இருக்கிறது, பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே இழுக்கின்றன. ஏற்றத்தில் ஏறி வளைவை அடையும்போது ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பினாலும், முன்சக்கரங்கள் திரும்பிய நிலையிலேயே மண்ணைத் தள்ளிக்கொண்டு வண்டி நேராகப் போய்த் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்துவிடுகிறது. இறக்கத்தில் இதற்கு நேர்மாறாக, வளைவுக்கு முன்னால் சற்றே பிரேக்கைத் தொட்டாலும் வால் முன்னே வந்து வண்டி முழு வட்டம் சுற்றி நின்றுவிடுகிறது. சமதளத்தில் ஓரளவு ஒழுங்காகவே ஓடுகிறது.

பழைய பிரஷ் மோட்டாரை எடுத்துவிட்டுப் பிரஷ்லெஸ் மோட்டார் பொருத்தினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பிச் செலவு செய்தேன். வேகம் கூடியது, ஆனால் இந்த இரண்டு குறைகளும் முன்பைவிட மோசமாயின. பின் டயர்கள் வண்டியுடன் வந்தவை; அவற்றின் முள்கள் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன. முன் டயர்களும் வண்டியுடன் வந்தவையே. நான்கு சக்கர இழுவை வண்டிக்கு மாறிவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கோ பின்சக்கர வண்டியை ஓட்டும் முறையில்தான் விருப்பம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைமேசை, குன்னூர்:

தம்பி, நீங்கள் விவரித்திருக்கும் இரண்டு குறைகளும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. அதைப் புரிந்துகொண்டால் எந்தப் பொருளை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பது தானாகத் தெளிவாகும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு டயர் மண்ணைப் பிடிக்கும் அளவு, அந்த நேரத்தில் அதன்மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. உங்களுடையதைப் போன்ற வண்டி பேட்டரியுடன் ஏறத்தாழ 1600 கிராம் இருக்கும். அதில் 38 விழுக்காடு, அதாவது 608 கிராம், சமதளத்தில் நிற்கும்போது முன்சக்கரங்களின்மேல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 280 மில்லிமீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 50 மில்லிமீட்டர் உயரம் என்று கொண்டு, 15 டிகிரி சரிவில் கணக்குப் பார்த்தேன். ஏற்றத்தில் சும்மா நின்றாலே சரிவின் காரணமாக 74 கிராம் முன்னாலிருந்து பின்னால் போய்விடுகிறது. அந்த நிலையில் புவியீர்ப்பில் பாதி அளவுக்கு முடுக்கம் கொடுத்தால் மேலும் 143 கிராம் பின்னால் போகிறது. சரிவில் தரையை அழுத்தும் எடையே சற்றுக் குறையும் என்பதையும் சேர்த்தால், 608 கிராமாக இருந்த முன்பக்க அழுத்தம் ஏறத்தாழ 370 கிராமாகச் சுருங்கிவிடும். நூற்றுக்கு 38 என்று இருந்தது 24 ஆகிவிட்டது. அந்த 24 பங்கை வைத்துக்கொண்டு வண்டியின் மொத்த எடையையும் திருப்பு என்று முன் டயர்களிடம் கேட்கிறோம், அவற்றால் முடியவில்லை.

இறக்கத்தில் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மிதமாகப் பிரேக் பிடித்தாலும் முன்பக்கம் 48 பங்குக்கு ஏறிவிடுகிறது, பின்பக்கம் 52 பங்குக்கு இறங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு இந்த வகை வண்டியில் மோட்டாரே பிரேக்காகவும் வேலை செய்வதால், பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே பிடிக்கிறது. எடை குறைந்துபோன பின் டயர், பிரேக்கையும் தாங்கிப் பக்கவாட்டு விசையையும் தாங்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் தாங்க முடியாதபோது பக்கவாட்டுப் பிடியைத்தான் அது முதலில் விடும். வால் முன்னே வருவது அதனால்தான். ஆகவே உங்கள் தடத்தில் ஏறுவது ஒரு வண்டி, இறங்குவது வேறொரு வண்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது இந்தக் கணக்கு எதைச் சொல்கிறது என்று பாருங்கள். முன் பம்பரில் 30 கிராம் ஈயம் ஒட்டினால், அது ஆக்சிலுக்கும் முன்னால் இருப்பதால் முன்சக்கரங்களுக்கு ஏறத்தாழ 35 கிராம் கிடைக்கும். 300 கிராம் பேட்டரியை 20 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினால் 21 கிராம் கிடைக்கும். ஆனால் அந்த ஏற்றத்து வளைவில் திராட்டிலை, அதாவது விரலால் வேகம் கொடுக்கும் விசையை, பாதியாகக் குறைத்து முடுக்கத்தையும் பாதியாக்கினால், ஒரு ரூபாய் செலவில்லாமல் 71 கிராம் முன்னால் திரும்பி வருகிறது. ஈயத்தையும் பேட்டரியையும் சேர்த்தாலும் விரல் தருவதற்கு ஈடாகவில்லை. பிரஷ்லெஸ் மோட்டார் போட்டதும் ஏன் மோசமானது என்பதற்கும் இதுதான் விடை. அது கெட்ட மோட்டார் அல்ல. உங்கள் விரல் கேட்காத முடுக்கத்தையும் அது கொடுத்துவிடுகிறது.

இதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. முதலில் ஸ்டீயரிங்கில் உள்ள தளர்ச்சியைப் பாருங்கள். வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து முழுவதுமாகத் திருப்பி, முன்சக்கரம் எவ்வளவு திரும்புகிறது என்று கவனியுங்கள். பிறகு தரையில் வைத்து, முன்பக்கத்தைக் கையால் சற்று அழுத்திக்கொண்டு மறுபடியும் திருப்புங்கள். தரையில் திரும்பும் அளவு கணிசமாகக் குறைந்தால், சர்வோ சேவரின் (மோதலின் அதிர்ச்சி சர்வோவுக்குப் போகாமல் தாங்கும் பாகத்தின்) ஸ்பிரிங் மிகவும் தளர்வாக இருக்கிறது அல்லது முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவுக்கு வலு போதவில்லை என்று பொருள். வண்டியுடன் வரும் 3 கிலோ வலுவுள்ள சர்வோ பொடிமண்ணுக்குச் சற்றுக் குறைவுதான். 6 கிலோவும் அதற்கு மேலும் உள்ளது நிம்மதியாக இருக்கும். ஆனால் சர்வோ சேவரை முழுவதுமாக இறுக்கிப் பூட்டிவிடாதீர்கள். நம் மண்ணில் கல் இல்லாத இடமே கிடையாது. ஒரு மோதலில் சர்வோவின் பல்சக்கரம் உடைந்துவிடும். சக்கர அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருந்தால் பால் பேரிங் போடுங்கள். முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கும்போது தெரியும் ஆட்டத்தில் பாதி அங்கிருந்துதான் வரும்.

அடுத்தது டயர். தேய்ந்த முள்ளை வைத்துக்கொண்டு வேறு எதைச் சரிசெய்தாலும் அந்த உழைப்பு வீண். கோத்தகிரியில் ஜனவரிக்குப் பிறகு செம்மண் மேலே பொடியாகவும் அடியில் கட்டியாகவும் ஆகிவிடும். அந்த நிலையில் பின் டயரின் முள் பொடியை விலக்கிக்கொண்டு கட்டியான அடித்தளத்தைத் தொட வேண்டும். மென்மையான ரப்பரில், இடைவெளி விட்டு முள் அமைந்த டயரே இதற்கு ஏற்றது. முள் மிக நீளமாக இருந்தால் கட்டித் தரையில் அது மடிந்துகொண்டு வண்டியைத் தள்ளாட வைக்கும். முன்னால் இதற்கு மாறாக, சுற்றளவு முழுவதும் வரிவரியாக ஓடும் ரிப் டயர் போடுங்கள். முன்சக்கரம் இழுப்பதில்லை, திருப்புவது மட்டுமே அதன் வேலை. அந்த வரிகள் பக்கவாட்டில் மண்ணைக் கத்திபோல் வெட்டிப் பிடிக்கும். உள்ளே ஃபோம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, டயரின் விளிம்பு ரிம்மில் முழுவதுமாக ஒட்டியிருக்கிறதா என்றும் விரலால் நெம்பிப் பாருங்கள். ஓரிடத்தில் பசை விட்டிருந்தாலும் அந்த டயர் வளைவில் மடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினால் முழுவதும் திரும்பும் என்பது மண்ணில் உண்மையன்று. டயர் ஓர் அளவுக்கு மேல் குறுக்காக நின்றுவிட்டால் அது உருளுவதை நிறுத்திவிட்டு ஏர்போல உழத் தொடங்குகிறது. டிரான்ஸ்மிட்டரில் (கையில் பிடிக்கும் ரிமோட்டில்) ஸ்டீயரிங் அளவை நூற்றிலிருந்து எண்பதாகக் குறைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

வீட்டில் சமையலறை மின்தராசு இருந்தால் முன்சக்கரங்கள் இரண்டையும் அதன்மேல் வைத்து, பின்சக்கரங்களை அதே உயரத்துக்குப் புத்தகங்களின்மேல் வைத்து எடையைப் பாருங்கள். பிறகு மாற்றிவைத்துப் பின்பக்கத்தையும் பாருங்கள். என் கணக்கு பொதுவானது. உங்கள் வண்டியின் எண் கையிலிருந்தால் பேச்சு எளிதாகும்.

பைன்நிழல், கொடைக்கானல்:

பட்டறைமேசை ஐயா சொன்னவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு, சஸ்பென்ஷனைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். என்னிடம் இருப்பது டாமியா நிறுவனத்தின் ஹார்னெட் என்ற பகி. 1984இல் முதலில் வந்த அந்த வண்டியின் மறுவெளியீட்டைத்தான் நான் ஓட்டுகிறேன். அதன் பின்பக்கம் ஒரே திட ஆக்சிலாக இருப்பதால், ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரமும் சேர்ந்து நிலை குலையும். முன்னால் ஆயில் இல்லாத, வெறும் ஸ்பிரிங்கும் உராய்வும் மட்டுமே கொண்ட ஷாக்குகள் (அதிர்வு தாங்கிகள்). ஆகவே துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை என்பதை நான் நாள்தோறும் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டேன். நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் உங்கள் வண்டியில் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது.

எந்தப் பக்கத்தின் ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறதோ அந்தப் பக்கம் பொதுவாகப் பிடிப்பு கூடும் என்பதே தொடக்க விதி. முன் ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்கினால் முன்னால் பிடிப்பு வரும். பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் பின்பிடிப்பு வரும், ஆனால் ஏற்றத்தில் திராட்டில் கொடுக்கும்போது வண்டி பின்னால் குந்திக்கொண்டு மூக்கைத் தூக்கும். உங்கள் ஏற்றத்து வளைவுக்கு அது கேடு. என் அனுபவத்தில் உங்களைப் போன்ற தடத்துக்கு வேறொரு வழி அதிகமாக உதவியது. நண்பர் ஒருவரின் வண்டியில் முன் ஷாக்குகளின் உள்ளே, பிஸ்டனுக்குக் கீழே 2 மில்லிமீட்டர் தடுப்பு வளையம் போட்டு, அவை முழு நீளத்துக்கு விரிவதைக் குறைத்தோம். திராட்டில் கொடுத்ததும் முன்பக்கம் மேலே எழுவதற்கு இடம் குறைந்ததால், மூக்கு தூக்குவது அடங்கி, வளைவின் வெளிவாயிலில் ஸ்டீயரிங் கிடைத்தது. இதற்கு ஒரு விலையும் உண்டு: பள்ளம் வரும்போது முன்சக்கரம் அதற்குள் இறங்கித் தரையைத் தொடுவது குறையும். உங்கள் தடத்தில் காட்டெருமை நடமாட்டம் இருந்தால், குளம்புப் பள்ளங்களை மண்வெட்டியால் மூடி அடித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஷாக்கினுள் ஊற்றும் ஆயில் விஷயத்தில் மலைவாசிகளாகிய நாம் கீழேயுள்ளவர்களின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சமவெளியில் எழுதப்படும் அமைப்புக் குறிப்புகள் 25, 30 டிகிரி வெப்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே ஜனவரிக் காலையில் 5 டிகிரியில் ஓட்டும்போது சிலிக்கான் ஆயில், 25 டிகிரியில் இருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கெட்டியாக இருக்கும். அதனால் காலையில் மரக்கட்டைபோல் துள்ளும் வண்டி மதியம் அருமையாக ஓடும். நாம் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். நான் குளிர்காலத்தில் பின்னால் 25 எண் ஆயிலும், ஏப்ரல், மே மாதங்களில் 30 எண் ஆயிலும் ஊற்றுகிறேன்; எண் கூடினால் ஆயில் கெட்டி. வண்டியை முழங்கால் உயரத்திலிருந்து சமமாகக் கீழே விட்டுப் பாருங்கள். ஒருமுறை அமுங்கி எழுந்து அப்படியே நிலைகொண்டால் ஆயில் சரி. இரண்டாம் முறையும் எழும்பினால் ஆயில் மெலிது. அமுங்காமலேயே தரையில் அடித்து எகிறினால் கெட்டி.

பேட்டரியையும் குளிர் விடுவதில்லை. லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் உள்தடை குளிரில் கூடுவதால் முதல் இரண்டு நிமிடங்கள் வண்டி மந்தமாக இருந்து, பேட்டரி சூடேறியதும் திடீரென்று வேகம் கூடும். உங்கள் விரல் முதல் இரண்டு நிமிடங்களுக்குப் பழகியிருக்கும்போது மூன்றாம் நிமிடத்தில் வால் பறக்கும். ஓட்டும் வரை பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள். உறைபனி விழுந்த காலையில் வெளியே வைத்துச் சார்ஜ் செய்யவே செய்யாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது லைப்போவை நிரந்தரமாகக் கெடுக்கும்.

எங்கள் பக்கம் பைன் மரங்களின் அடியில் ஓட்டுபவர்களுக்கு ஒரு சொல்: ஊசிச் சருகு மெத்தையாகப் படிந்த இடத்தில் எந்த முள் டயரும் பிடிக்காது. சருகு சருகின்மேல் வழுக்குமே தவிர மண் கிடைக்காது. சருகைக் கூட்டி ஒதுக்குவதைத் தவிர அதற்கு அமைப்பு எதுவும் கிடையாது. சோலைக் காட்டின் ஓரத்தில் ஓட்டுவதை எங்கள் குழுவில் நாங்கள் அறவே நிறுத்திவிட்டோம். அங்குள்ள தரை ஒருமுறை கிளறப்பட்டால் எளிதில் மீளாது.

செம்மண்தடம், கோத்தகிரி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்யத் தொடங்கிவிட்டேன். சமையலறைத் தராசில் என் வண்டி மொத்தம் 1640 கிராம். முன்னால் 590, பின்னால் 1050. ஐயா சொன்ன 38 பங்கு கூட இல்லை, 36 தான் வருகிறது. பேட்டரி பின்னோக்கித் தள்ளி வைக்கப்பட்டிருந்ததும், அதன் பின்னால் வைக்க வேண்டிய ஃபோம் துண்டை நான் எப்போதோ தொலைத்துவிட்டிருந்ததும் அதற்குக் காரணங்கள். பேட்டரியை முன்னால் தள்ளிப் பின்புறம் துண்டு வைத்தேன்.

ஸ்டீயரிங் சோதனையின் முடிவு எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. தூக்கிப் பிடித்தால் முழுவதும் திரும்பும் சக்கரம், தரையில் வைத்து அழுத்தினால் பாதிகூடத் திரும்பவில்லை. சர்வோ சேவரைக் கழற்றினால் அதன் ஸ்பிரிங் வாய் விரிந்துபோயிருக்கிறது. இத்தனை மாதங்களாக நான் ஸ்டீயரிங் திருப்பியதில் பாதி அந்த ஸ்பிரிங்கிலேயே முடிந்துபோயிருக்கிறது. புதியதும் முன்னால் ரிப் டயர்களும் வரவழைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பின்சக்கரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுற்றினால் எந்தத் தடையும் இல்லாமல் காற்றாடிபோல் சுற்றுகிறது. என் நண்பர் ஒருவர் டிஃபரன்ஷியலை (இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதியை) பசை போட்டு முழுவதும் பூட்டிவிட்டால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும், ஏற்றத்துக்கு நல்லது என்கிறார். செய்யலாமா? இறக்கத்தில் சுழல்வதற்கும் இன்னும் வழி தெரியவில்லை.

பனிக்காலை, உதகமண்டலம்:

டிஃபரன்ஷியலைப் பூட்டாதீர்கள். நானே செய்து வருந்தியவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வளைவில் உள்சக்கரத்தைவிட வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். டிஃப், அதாவது டிஃபரன்ஷியல், பூட்டியிருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றி, வண்டியை நேராகப் போகச் சொல்லி முன்சக்கரங்களுடன் சண்டையிடும். ஏற்கெனவே எடை குறைந்த உங்கள் முன்சக்கரங்கள் அந்தச் சண்டையில் தோற்கும். பிறகு சற்று அதிகமாகத் திராட்டில் கொடுத்தால் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே நொடியில் பிடியை விடும். உங்களுக்கு முன்னறிவிப்பே கிடைக்காது.

அதே சமயம் காற்றாடிபோல் சுற்றுவதும் தவறுதான். வளைவில் எடை குறைந்த உள்சக்கரம் வீணாகச் சுற்றி, சக்தி முழுவதும் அங்கேயே போய்விடும். கசியாமல் மூடப்பட்ட கியர் டிஃப் என்றால் 3000 முதல் 5000 வரை எண்ணுள்ள சிலிக்கான் ஆயில் ஊற்றுங்கள். மூடப்படாத வகை என்றால் ஆயில் வழிந்துவிடும்; கெட்டியான கிரீஸை பல்சக்கரங்களுக்கு இடையே நிரப்பினால் போதும். ஒன்றைப் பிடித்து மற்றதைச் சுற்றும்போது தேனில் கரண்டியைச் சுழற்றுவது போன்ற தடை கைக்குத் தெரிய வேண்டும். நான் 3000இல் தொடங்கச் சொல்வேன். எங்கள் குளிரில் அதுவே 5000போல் நடந்துகொள்கிறது.

இறக்கத்துக்கு வருகிறேன். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான உங்கள் ஈ.எஸ்.சி.யில் டிராக் பிரேக் என்ற ஓர் அமைப்பு இருக்கும். விரலை எடுத்தவுடனே தானாகப் பிடிக்கும் பிரேக் அது. பல கருவிகளில் அது ஓரளவு இயக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. அதைப் பூஜ்யமாக்குங்கள். பிரேக்கின் உச்ச வலுவை நாற்பது விழுக்காட்டுக்குக் குறையுங்கள். பிறகு ஓட்டும் முறையையும் சற்று மாற்ற வேண்டும். சரிவின் அடியில், ஸ்டீயரிங் திருப்பியிருக்கும்போது பிரேக் பிடிப்பதை விட்டுவிட்டு, சரிவின் தலைப்பிலேயே, வண்டி நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் வந்ததும் பிரேக்கை முழுவதும் விட்டு, சக்கரம் வீணாகச் சுற்றாத அளவுக்கு மெல்லிய திராட்டில் கொடுத்துக்கொண்டே திரும்புங்கள். அந்த மெல்லிய திராட்டில் எடையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து பின் டயர்களை மண்ணில் அழுத்தும். கேட்பதற்குப் பயமாக இருக்கும், ஆனால் பின்சக்கர வண்டியை இறக்கத்தில் காப்பாற்றுவது அதுதான்.

மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. ஈ.எஸ்.சி.யில் பஞ்ச் என்ற, முடுக்கத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் அமைப்பைக் கடைசிப் படிக்குக் குறையுங்கள்; உச்ச வேகத்தைக் குறைக்க, மோட்டார் அச்சிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனை இரண்டு பல் சிறியதாகப் போடுங்கள். டிரான்ஸ்மிட்டரில் திராட்டிலுக்கு எக்ஸ்போ வசதி (விரலின் அசைவுக்கு வண்டி எவ்வளவு கூர்மையாக இணங்குகிறது என்பதை மாற்றும் வசதி) இருந்தால், தொடக்கத்தில் மென்மையாக இருக்கும்படி வையுங்கள். திடீர் விசை வந்தால் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கும் வண்டியென்றால் அதையும் சற்றுத் தளர்த்தி, நின்ற இடத்திலிருந்து முழுத் திராட்டில் கொடுக்கும்போது அரை மீட்டர் தூரத்துக்கு அது நழுவும்படி வையுங்கள். மூக்கு தூக்குவது அதிலும் குறையும். பின்சக்கரங்களின் டோ-இன் (அவற்றின் முன்விளிம்புகள் உட்பக்கம் பார்க்கும் கோணம்) 3 டிகிரிக்குக் குறைவாக இருந்தால், சுழல்வதைத் தடுக்க 3க்குக் கொண்டுவருவது பயனுள்ளது. முன்சக்கரங்களை ஒரு டிகிரி வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் வளைவில் நுழையும் முதல் கணத்தில் விறுவிறுப்பாகத் திரும்பும்.

பட்டறைமேசை, குன்னூர்:

உதகை நண்பர் சொன்ன டிராக் பிரேக் செய்தியை நான் விட்டுவிட்டேன், முக்கியமானது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாளில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்றைய மண் பொடியா, ஈரமா, காலையா, மதியமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம் மலையில் காலை பனி ஈரத்தில் பிடித்த டயர் மதியப் பொடியில் பிடிக்காது. அதை எழுதி வைக்காதவர் அமைப்பைத்தான் குறை சொல்வார்.

செம்மண்தடம், கோத்தகிரி:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடி நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்.

சர்வோ சேவர் மாற்றிய அன்றே ஏற்றத்து வளைவில் வண்டி பாதித் தூரம் திரும்பத் தொடங்கியது. ரிப் டயர்கள் வந்ததும் தேயிலைச் செடிகளுக்குள் புகுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. பம்பரில் 30 கிராம் ஈயம் ஒட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் சிறிது உதவியது, ஆனால் இறக்கத்தில் வால் இன்னும் இலேசாகிவிட்டதால் எடுத்துவிட்டேன். பஞ்ச் குறைத்ததும் பினியன் மாற்றியதும்தான் ஏற்றத்தில் பெரிய வேறுபாட்டைத் தந்தன. நேரான பகுதியில் வேகம் சற்றுக் குறைந்திருக்கிறது, ஆனால் தடத்தை ஒரு சுற்று முடிக்கும் நேரம் 21 விநாடியிலிருந்து 17 விநாடிக்கு வந்திருக்கிறது.

இறக்கத்தைப் பொறுத்தவரை, டிராக் பிரேக் என் கருவியில் இருபது விழுக்காட்டில் இருந்திருக்கிறது. அதைப் பூஜ்யமாக்கியபின், சரிவின் தலைப்பிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு மெல்லிய திராட்டிலுடன் இறங்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பத்து முறையில் எட்டு முறை சரியாகத் திரும்புகிறது. என் அக்கா மகனுக்கு இது என்னைவிட விரைவாக வந்துவிட்டது. டிஃபில் 3000 ஆயில் ஊற்றியிருக்கிறேன்.

மீதமிருக்கும் சிக்கல் ஒன்றுதான். போன வியாழக்கிழமை பெய்த மழைக்குப் பிறகு ஓட்டியபோது, செம்மண் பின் டயரின் முள்களுக்கு இடையே அப்பிக்கொண்டு டயர் வழுவழுப்பான உருண்டையாகிவிட்டது. ஈர மண்ணுக்கென்று தனி டயர் வாங்க வேண்டுமா?

பட்டறைமேசை, குன்னூர்:

முள் குறைவாகவும் இடைவெளி அகலமாகவும் உள்ள டயர்கள் ஓரளவு மண்ணை உதறும். ஆனால் நம் களிப்புள்ள செம்மண் நன்றாக நனைந்துவிட்டால் அவையும் அப்பிக்கொள்ளும். அந்த மண்ணில் ஓட்டினால் தடத்தில் சக்கரப் பள்ளங்கள் விழுந்து, காய்ந்ததும் கல்லாக இறுகிவிடும்; பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். மழைக்குப் பின் இரண்டு நாள் வெயில் காயவிட்டு, மேல்மண் விரலில் ஒட்டாமல் அழுத்தினால் மட்டும் பதியும் நிலைக்கு வந்ததும் ஓட்டுங்கள். செம்மண்ணில் பிடிப்பு மிக அதிகமாக இருக்கும் நேரம் அதுதான். அன்றைக்கு முன் ஷாக்கில் கொடைக்கானல் நண்பர் சொன்ன 2 மில்லிமீட்டர் வளையத்தைப் போட்டுப் பாருங்கள். பிடிப்பு கூடினால் முடுக்கமும் கூடும், மூக்கு மறுபடியும் தூக்கும். நனைந்த ஃபோமை டயரிலிருந்து காயவைக்க, டயரின் நடுப்பட்டையில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் போட்டுவிடுங்கள். சக்கரம் சுற்றும்போது நீர் வெளியே தெறித்துவிடும்.